கிளஸ்டரில் ஃப்ளூயன்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்ட வழி உண்டா?

கொப்பரைக்களம்:

வணக்கம். இயந்திரப் பொறியியலில் ஆராய்ச்சி மாணவன், இரண்டாம் ஆண்டு. கைபேசியில் தட்டுகிறேன். மொழியை மாற்றி மாற்றி அடிக்கப் பொறுமை இல்லாததால் கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தலைப்பு சூரியக்கூண்டு உலர்த்தி. பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் வீட்டில் கொப்பரைக் களம் உண்டு. உடைத்த தேங்காய்ப் பருப்பில் பாதிக்குப் பாதி ஈரம். அது ஆறேழு சதவீதத்துக்கு இறங்கினால்தான் கொப்பரை. வெயில் அடித்தால் கவலை இல்லை. மேகம் போட்டால் பூசணம், பூசணத்துக்குப் பயந்து கந்தகப் புகை. அதற்கு மாற்றாகப் பாலிதீன் போர்த்திய நீளக் கூண்டு ஒன்று. ஒரு முனையில் காற்று நுழைய வாசல், மறு முனையில் புகைபோக்கி. விசிறி கிடையாது, சூடான காற்று தானாக மேலேறி வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும். உள்ளே அடுக்கிய தட்டுகளுக்கு நடுவில் காற்று எப்படிப் போகிறது என்பதை, காற்றோட்டத்தைக் கணிக்கும் மென்பொருளான ஃப்ளூயன்டில் கணக்குப் போடுகிறேன். கூண்டின் உள்வெளியைச் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டும் வலை, அதாவது மெஷ், 42 லட்சம் செல்.

ஆய்வகக் கணினியில் எட்டு கோர் (செயலி). ஒரு ஓட்டத்துக்கு ஒன்றரை நாள் ஆகிறது. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு கிளஸ்டர், அதாவது சேர்த்துப் பிணைத்த கணினிக் கூட்டம், இருக்கிறது: 24 நோடு (தனிக் கணினி), நோடுக்கு 40 கோர், 192 ஜிபி நினைவகம், யாருக்கு எப்போது இடம் என்ற வரிசையை ஸ்லர்ம் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. ஆசை யாரை விட்டது?

முதல் நாள் வீட்டிலிருந்து, அங்குள்ள ஜன்னலை இங்கே காட்டும் எக்ஸ் ஃபார்வர்டிங் போட்டு, எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பில் நுழைந்தேன். ஃப்ளூயன்ட் என்று தட்டியதும் ஜன்னல் வந்துவிட்டது. வந்த சந்தோஷத்தில் 32 கோர் கொடுத்து ஓடவிட்டேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை, ஜன்னல் காணாமல் போனது. என் பயனர் கணக்கு மூன்று நாளுக்குப் பூட்டு. எல்லோரும் முதலில் நுழையும் லாகின் நோடில் இதையெல்லாம் ஓட்டக்கூடாது என்று ஒருவரி மின்னஞ்சல்.

பிறகு சீனியர் ஒருவரிடம், ஃப்ளூயன்டுக்கான கட்டளைகள் எழுதிய ஜர்னல் கோப்பும் வேலையை (ஜாப்) வரிசையில் போடும் எஸ்பேட்ச் ஸ்கிரிப்டும் வாங்கி, நான்கு நோடு, 48 மணி நேரம் என்று கேட்டு வரிசையில் போட்டேன். ஒன்பது மணி நேரம் காத்திருந்து, இரவு இரண்டரைக்கு ஓடத் தொடங்கி, பதினொரே நிமிடத்தில் செத்துவிட்டது. காலையில் பார்த்தால் கணக்கின் 340-ஆவது சுற்றில் ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்செப்ஷன், அதாவது எண்கள் கட்டுமீறிக் கணக்கு உடைந்த பிழை. அதற்கு மேலே, 37 செல்களில் வெப்பநிலையை 5000 கெல்வினில் கட்டிவைத்ததாக ஒரு வரி. கொப்பரை உலர்த்தியில் 5000 கெல்வின்! சூரியனின் மேற்பரப்பே 5800-க்குப் பக்கம்தான்.

ஆய்வகத்தில் என்றால் எதிரில் உட்கார்ந்து, கணக்கின் மிச்சப் பிழையைக் காட்டும் ரெசிடுவல் கோடு மேலே ஏறும்போதே நிறுத்துவேன், சுற்றுக்குச் சுற்று மதிப்பு எவ்வளவு மாறலாம் என்ற அண்டர்-ரிலாக்சேஷனைக் குறைப்பேன், மறுபடி ஓடவிடுவேன். கிளஸ்டரில் அதே மாதிரி செய்ய முடியுமா? இன்னும் இரண்டு சந்தேகம். வீட்டிலிருந்து அந்த ஜன்னலில் ஒரு மெனுவைத் திறக்கப் பத்து நொடி ஆகிறது, இது எல்லோருக்கும் இப்படித்தானா? அப்புறம், எங்கள் ஊரில் கரண்ட் போனால் ஓடிக்கொண்டிருப்பதும் போய்விடுமா?


வரிசைக்காரன்:

லாகின் நோடில் ஓட்டியது தப்பு. நோடு ஒதுக்கும் எஸ்அலாக் கட்டளை கொடுத்து ஒரு நோடு வாங்குங்கள், பிறகு ஓட்டுங்கள். பகுதிகளைப் பட்டியலிடும் எஸ்இன்ஃபோ அடித்துப் பார்த்தால் இன்டராக்டிவ் (எதிரில் இருந்து ஓட்ட) என்றோ டீபக் (பிழை தேட) என்றோ தனிப் பகுதி இருக்கலாம். நேர வரம்பு குறைவு, ஆனால் சீக்கிரம் கிடைக்கும். உங்கள் கிளஸ்டரில் ஸ்லர்முக்குப் பதில் பிபிஎஸ் என்ற வேறு வரிசை மென்பொருள் இருந்திருந்தால் க்யூசப் கட்டளையோடு பெரிய ஐ போட வேண்டும். கதை அவ்வளவுதான்.


கொப்பரைக்களம்:

நன்றி அண்ணா. செய்தேன். எஸ்அலாக் அடித்ததும் நோடு ஒதுக்கியாயிற்று என்று வந்தது. அதே டெர்மினலில் (கட்டளைத் திரையில்) ஃப்ளூயன்டை 40 கோரில் ஓட்டினேன். கால் மணி நேரத்தில் மறுபடி மின்னஞ்சல். இந்த முறை பூட்டவில்லை, ஆனால் என் வழிகாட்டிக்கும் நகல் போயிருக்கிறது. லாகின் நோடிலேயேதான் ஓடியதாம். நோடு வாங்கிய பிறகும் எப்படி?


இரவுக்காவல்:

தம்பி, நான் வேறொரு பல்கலைக்கழகத்தில் கிளஸ்டரைப் பார்த்துக்கொள்பவன். உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியவரின் மனநிலை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அவர் பக்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

கல்யாண மண்டபத்தில் வாசலில் சந்தனம், கற்கண்டு வைத்த மேசை இருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அந்த மேசை மேலே ஒருவர் இலையைப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? லாகின் நோடில் 32 கோர் ஓட்டுவது அதுதான். அந்த நேரத்தில் கோப்பு எடுக்க, ஸ்கிரிப்ட் திருத்த வந்த அறுபது பேருக்கும் டெர்மினல் உறைந்து நிற்கும். அறுபது பேரும் எனக்குத்தான் போன் செய்வார்கள்.

எஸ்அலாக் விஷயத்தில் உங்கள் மேல் பாதித் தப்புதான். பல இடங்களில் எஸ்அலாக் நோடை உங்கள் பெயருக்கு ஒதுக்கும், ஆனால் உங்களை அங்கே கூட்டிப் போகாது. டெர்மினல் லாகின் நோடிலேயே நிற்கும். பந்தியில் இலை போட்டாயிற்று, நீங்கள் இன்னும் வாசலில். சில கிளஸ்டர்களில் நிர்வாகி ஒரு அமைப்பை மாற்றி, எஸ்அலாக் அடித்ததும் நேரே நோடுக்குள் போகும்படி வைத்திருப்பார். வரிசைக்காரன் இருக்கும் இடம் அப்படியாக இருக்கலாம். உங்கள் இடம் அப்படி இல்லை. எஸ்ரன் கட்டளையோடு பிடிஒய் விருப்பமும் பாஷும் சேர்த்துக் கொடுத்தால் நோடுக்குள்ளேயே கட்டளை அடிக்க ஒரு ஷெல் கிடைக்கும். எந்த வழியில் போனாலும் ஃப்ளூயன்டைத் தொடும் முன், எந்தக் கணினியில் நிற்கிறோம் என்று காட்டும் ஹோஸ்ட்நேம் கட்டளையை ஒரு தடவை அடித்துப் பாருங்கள். அதில் லாகின் என்று வந்தால் கையை எடுத்துவிடுங்கள். என் மாணவர்களிடம் இதை நான் கெஞ்சிக் கேட்பது வழக்கம்.

அடுத்தது பத்து நொடி மெனு. எக்ஸ் ஃபார்வர்டிங்கில் ஃப்ளூயன்ட் ஓடுவது அங்கே, ஜன்னலை வரைவது உங்கள் மடிக்கணினி. இந்தக் கோட்டைப் போடு, இந்த எழுத்தைப் போடு, எலி (மவுஸ்) எங்கே நிற்கிறது சொல் என்று இரண்டுக்கும் இடையில் ஓயாத பேச்சு. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வந்த பிறகுதான் அடுத்தது. உங்கள் வீட்டுக்கும் கிளஸ்டருக்கும் ஒரு தடவை போய்வர 50 மில்லிநொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெனு திறக்க 200 தடவை போய்வந்தால் பத்து நொடி ஆயிற்றா? இணைய வேகத்தைக் கூட்டினாலும் இது குறையாது, ஏனென்றால் சிக்கல் தூரத்தில் இருக்கிறது. வளாகத்துக்குள் விடுதியில் இருந்து செய்தால் அதே ஜன்னல் சமர்த்தாக ஓடும்.

அதனால் விஎன்சி என்ற தொலைத்திரை முறைக்கு மாறுங்கள். இதில் ஜன்னல், மெனு எல்லாம் நோடிலேயே வரையப்பட்டுவிடும். உங்களுக்கு வருவது அதன் படம் மட்டும், தொலைக்காட்சி பார்ப்பது போல. இதில் உங்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. கரண்ட் போனால் போவது உங்கள் திரைதான், அங்கே திரைமேசையும் (டெஸ்க்டாப்) ஜன்னலும் அப்படியே இருக்கும். திரும்ப இணைந்தால் விட்ட இடத்தில் எலி நிற்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை: விஎன்சியை எஸ்ரன் ஷெல்லுக்குள் கையால் தொடங்காதீர்கள். அந்த ஷெல் உங்கள் எஸ்எஸ்ஹெச் இணைப்போடு கட்டுண்டது. இணைப்பு அறுந்தால் ஜாப்பே முடிந்து, விஎன்சியும் ஃப்ளூயன்டும் கூடவே போகும். எஸ்பேட்ச் ஸ்கிரிப்டுக்குள் விஎன்சி சர்வரைத் தொடங்கி, பின்னால் சும்மா காத்திருக்க வைக்கும் ஸ்லீப் கட்டளை ஒன்று போட்டு ஜாப்பை உயிரோடு வையுங்கள். டெர்மினல் மட்டும் போதும் என்கிற நாட்களில், லாகின் நோடில் முதலில், இணைப்பு அறுந்தாலும் டெர்மினலை உயிரோடு வைக்கும் டிமக்ஸ் திறந்து அதற்குள் இருந்து நோடு வாங்கினால் இதே பாதுகாப்பு கிடைக்கும். டிமக்ஸ் எடை இல்லாதது, அதற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இணைக்கும் முறை: விஎன்சி முதல் திரைக்கு 5901 என்ற போர்ட்டை (இணைப்பு வாசல் எண்) பிடிக்கும், அதே நோடில் வேறொருவர் ஏற்கெனவே திறந்திருந்தால் உங்களுக்கு 5902. எந்த நோடு, எந்த எண் என்பதை ஸ்கிரிப்டிலேயே ஒரு கோப்பில் எழுதச் சொல்லிவிடுங்கள். பிறகு வீட்டிலிருந்து எஸ்எஸ்ஹெச் சுரங்கம்: லாகின் நோடு வழியாகத் தாவி உங்கள் நோடுக்குப் போய், அங்குள்ள 5901-ஐ உங்கள் கணினியின் 5901 ஆக்குவது. கடவுச்சொல் போடாமல் விஎன்சியைத் திறந்து வைக்காதீர்கள், அதையும் லோக்கல்ஹோஸ்ட் மட்டும், அதாவது அந்த நோடுக்குள் இருந்து மட்டும் எட்டும்படி, கட்டிவையுங்கள். பெரும்பாலான கிளஸ்டர்களில் உங்கள் ஜாப் ஓடும் நோடுக்கு மட்டும் நேராக எஸ்எஸ்ஹெச் போக அனுமதி இருக்கும், ஜாப் முடிந்ததும் கதவு மூடிவிடும். உங்கள் இடத்தில் ஓபன் ஆன்டிமாண்ட் போட்டிருந்தால் இந்தப் பத்தியையே மறந்துவிடலாம். ஒஹையோ சூப்பர்கம்ப்யூட்டர் சென்டர்காரர்கள் செய்தது, உலாவியிலேயே திரைமேசை திறக்கும். நிர்வாகியிடம் கேளுங்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கேளுங்கள்.

நான்கு நோடு எதற்குக் கேட்டீர்கள்? 10 லட்சம் செல்லுக்கு 2 முதல் 3 ஜிபி என்று குத்துமதிப்பாகப் போட்டாலும் உங்கள் கணக்குக்கு 13 ஜிபி. நோடில் 192 இருக்கிறது. 42 லட்சம் செல்லை 40 கோருக்குப் பிரித்தால் கோருக்கு ஒரு லட்சம் சொச்சம், அது நல்ல அளவு. 160 கோருக்குப் பிரித்தால் கோருக்கு 26,000 தான். அந்த நிலையில் கணக்குப் போடும் நேரத்தைவிட ஒன்றோடொன்று பேசும் நேரம் கூடத் தொடங்கும். அதோடு, நான்கு பேர் சேர்ந்து உட்கார இடம் தேடினால் அடுத்த பந்திதான். ஒற்றை ஆள் எங்காவது நுழைந்துவிடுவார். ஸ்லர்மும் அப்படித்தான் நினைக்கும். பெரிய ஜாப்புக்காக நோடுகளைச் சேர்த்து வைக்கும்போது நடுவில் விழும் இடைவெளியில் சின்ன ஜாப்பைச் சொருகிவிடும். 48 மணி என்று கேட்டால் சொருக முடியாது. ஒரு நோடு, மூன்று மணி நேரம் என்று கேட்டுப் பாருங்கள்.

எஸ்பேட்சில் கேட்ட கோர் எண்ணும் ஃப்ளூயன்டுக்கு டி என்ற விருப்பம் போட்டுக் கொடுக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். கொடுக்க மறந்தால் ஒரு கோரில் ஓடும், 39 சும்மா இருக்கும். ஸ்லர்மிடம் நான்கு கேட்டுவிட்டு ஃப்ளூயன்டில் 40 போட்டால் நாற்பதும் நான்கு கோருக்குள் இடித்துக்கொண்டு கிடக்கும், இது முன்னதைவிட மோசம்.

லைசென்ஸ். இதற்காகத்தான் எனக்கு இன்டராக்டிவ் என்ற சொல்லே பிடிக்காது. ஜன்னல் திறந்திருக்கும் வரை, அது சுற்று ஓட்டினாலும் சும்மா இருந்தாலும், லைசென்ஸ் உங்கள் கையில்தான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போனார். திங்கள் காலை வரை துறையில் வேறு யாராலும் பேரலலாக, பல கோரில் சேர்த்து, ஓட்ட முடியவில்லை. அவர் ஓட்டியது என்ன என்று பார்த்தேன்: பூஜ்யம் சுற்று. மெஷ்ஷைச் சுழற்றிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார். பல கோரில் ஓட்ட வாங்கும் எச்பிசி பேக் லைசென்ஸின் கணக்கு வேறு தனி ரகம்: ஒன்று வைத்திருந்தால் 8 கோர், இரண்டு சேர்ந்தால் 32, மூன்று சேர்ந்தால் 128. 40 கோருக்கு மூன்று பேக் போய்விடும், 32 என்றால் இரண்டோடு நிற்கும். கல்வி லைசென்ஸில் கணக்கு வேறு மாதிரி இருக்கலாம், துறையில் கேளுங்கள். ஓட்டும் முன் எல்எம்ஸ்டாட் அடித்து யார் கையில் எத்தனை இருக்கிறது என்று பார்ப்பது மரியாதை.

கடைசியாக ஒன்று. ஓடும்போது கை வைக்க வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்றால், அதில் பாதிக்கு ஜன்னலே வேண்டாம். லினக்ஸில் ஃப்ளூயன்ட் ஓடும்போது டிஎம்பி என்ற தற்காலிக அடைவில் செக்-ஃப்ளூயன்ட் என்று ஒரு வெற்றுக் கோப்பை டச் கட்டளையால் உருவாக்கினால், நடப்புச் சுற்று முடிந்ததும் கேஸ் (அமைப்பு), டேட்டா (விடை) இரண்டையும் சேமித்துவிட்டுத் தொடரும். எக்ஸிட்-ஃப்ளூயன்ட் என்று வைத்தால் சேமித்துவிட்டு வெளியேறும். நோடில் இருக்கும் டிஎம்பி அடைவில், லாகின் நோடில் இருப்பதில் அல்ல. இதில் ஏமாறாதவரை நான் பார்த்ததில்லை. ஜர்னலின் தலையில் ஸ்கீம் என்ற நிரல்மொழியில் வரி ஒன்று எழுதி அந்தக் கோப்பை உங்கள் சொந்த அடைவுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஓட்டம் கெட்டுப்போகிறது என்று தெரிந்தால் எக்ஸிட் வையுங்கள், டேட்டாவை ஆய்வகக் கணினியில் திறந்து பாருங்கள், திருத்தி மறுபடி அனுப்புங்கள்.


நுரைக்காரன்:

ஃப்ளூயன்டின் வேலையையே செய்யும் இலவச மென்பொருளான ஓபன்ஃபோமின் ஆள் ஒருவன் இங்கே வராமல் இருந்தால் நன்றாக இருக்காது, அதனால் வந்துவிட்டேன்.

இரவுக்காவல் சொன்ன லைசென்ஸ் பஞ்சாயத்து எங்களுக்கு இல்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிறந்தது, 2004 டிசம்பரில் திறந்த மூலமாக வெளியானது, அன்றிலிருந்து 40 கோருக்கும் 400 கோருக்கும் ஒரே விலைதான். ஜன்னலும் இல்லை, எல்லாம் எழுத்துக் கோப்பு. ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல்டிக்ட் கோப்பில் ரன்டைம்-மாடிஃபையபிள் என்ற வரியை யெஸ் என்று வைத்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பைத் திருத்திச் சேமிக்கலாம். கணக்குப் போடும் சால்வர் அதைத் தானே மறுபடி படித்துக்கொள்ளும். அண்டர்-ரிலாக்சேஷனை 0.7-லிருந்து 0.3 ஆக்க வேண்டுமா, எடிட்டரில் மாற்றி மூடுங்கள். நிறுத்த வேண்டுமா, ஸ்டாப்அட் என்ற இடத்தில் ரைட்நவ் என்று எழுதுங்கள், நடப்புச் சுற்று முடிந்ததும் எழுதிவிட்டு நிற்கும். பதிவுக் கோப்பை, கடைசி வரிகளைக் காட்டும் டெயில் கட்டளை போட்டு டெர்மினலில் ஓடவிட்டால் ரெசிடுவல் கண்முன்னே. நான் இதைப் பேருந்தில் கைபேசியிலிருந்தே செய்திருக்கிறேன், பெருமைக்குச் சொல்லவில்லை, கண் வலித்தது.

படமாகப் பார்க்க பாராவியூ என்ற மென்பொருள். நோடில் அதன் சர்வர் பகுதியான பிவிசர்வரை ஓடவிட்டு, அதன் 11111 போர்ட்டைச் சுரங்கம் வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்து, மடிக்கணினியில் உள்ள பாராவியூவிலிருந்து இணைக்கலாம். டேட்டா அங்கேயே இருக்கும், படம் மட்டும் வரும். இரண்டு பக்கமும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். 5.10 ஒரு பக்கம், 5.11 மறுபக்கம் என்றால் கைகுலுக்கவே மறுத்துவிடும். என் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதில் போனது.

எஸ்ரன் ஷெல்லுக்குள் நின்றுகொண்டு அதற்குள் இன்னொரு எஸ்ரன் கொடுத்தால் ஒன்றும் நடக்காமல் தொங்கும், கவனம். வெளி ஷெல்லே எல்லாக் கோரையும் பிடித்து வைத்திருக்கும். ஓவர்லாப் விருப்பம் சேர்த்தால் விடும்.

லைசென்ஸ் வேண்டாத கூட்டத்தில் சேர்ந்தால் வெளியிலும் இடம் கேட்கலாம். திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் தொடங்கிய பரம் பொருள் என்ற சூப்பர்கம்ப்யூட்டர், 838 டெராஃபிளாப்ஸ் வேகம், தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் அமைத்தது. பெயரைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது, சும்மா சொல்லக்கூடாது. ஃப்ளூயன்டோடு அங்கே போனால் உங்கள் லைசென்ஸ் சர்வரை அது எட்டிப் பார்க்க முடிய வேண்டும், அது தனிக் கடிதப் போக்குவரத்து.

இவ்வளவும் சொன்னாலும், இரண்டாம் ஆண்டின் நடுவில் மென்பொருளை மாற்றச் சொல்ல மாட்டேன். நான் மாற்றினேன். ஆறு மாதம் போனது.


புகைபோக்கி:

எல்லோரும் ஜன்னலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தம்பி, அந்த 340 சுற்றின் பதிவுக் கோப்பை மேலிருந்து படித்தீர்களா, கடைசி வரியை மட்டும் பார்த்தீர்களா? ரிவர்ஸ்டு ஃப்ளோ, அதாவது காற்று எதிர்ப்பக்கமாக நுழைகிறது, என்று வரிகள் இருக்கின்றனவா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. வெளியே 30 டிகிரி, அங்கே காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.16 கிலோ. உள்ளே 60 டிகிரி என்றால் 1.06. புகைபோக்கி மூன்று மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் காற்றை இழுக்கும் மொத்த அழுத்தமே ஏறக்குறைய 3 பாஸ்கல்தான். ஒரு தாளை மேசை மேல் வைத்தால் அது மேசைக்குக் கொடுக்கும் அழுத்தமே ஒரு பாஸ்கலுக்குச் சற்றுக் குறைவு. அதாவது நாலைந்து தாள் கனத்துக்கான விசையில் உங்கள் உலர்த்தி முழுவதும் ஓட வேண்டும்.

இப்போது ஆபரேட்டிங் டென்சிட்டி (ஒப்பிடுவதற்கான அடர்த்தி) என்ற கட்டத்துக்குப் போங்கள். ஈர்ப்பைப் போட்டால்தான் அது தெரியும். அங்கே நீங்கள் எண் கொடுக்காவிட்டால் ஃப்ளூயன்ட் கூண்டுக்குள் இருக்கும் காற்றின் சராசரியை எடுத்துக்கொள்ளும். வாசலிலும் புகைபோக்கி வாயிலும் நீங்கள் பூஜ்யம் பாஸ்கல் என்று கொடுத்திருப்பது அந்தச் சராசரியை வைத்துத்தான் பொருள்படும். சராசரி 0.05 தவறினாலே ஒன்றரை பாஸ்கல் தவறு, இருப்பதில் பாதி போய்விட்டது. சுற்றுக்குச் சுற்று உள்ளே வெப்பநிலை மாற, அந்தச் சராசரியும் மாறும். வெளிக்காற்றின் 1.16-ஐ நீங்களே எழுதுங்கள். அழுத்தத்துக்கான கணக்கு முறை பாடி ஃபோர்ஸ் வெயிட்டட் அல்லது ப்ரெஸ்டோ. பிறகு அண்டர்-ரிலாக்சேஷனைப் பற்றிப் பேசலாம்.

37 செல் என்பதும் சந்தேகமாக இருக்கிறது. 42 லட்சத்தில் 37 மட்டும் கொதிக்கிறது என்றால் அந்த 37-ம் ஒரே மூலையில் இருக்கும். போய்ப் பாருங்கள்.


கொப்பரைக்களம்:

நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மன்னிப்பு மின்னஞ்சல். அதற்குப் பதிலாக விஎன்சிக்கான எஸ்பேட்ச் ஸ்கிரிப்ட் ஒன்று வந்தது, ஏற்கெனவே எல்லோருக்கும் தயாராக வைத்திருந்தாராம். பயனர் கையேட்டின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறதாம். நான் மூன்றாம் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன்.

ஒரு நோடு, 32 கோர், மூன்று மணி நேரம் கேட்டேன். 25 நிமிடத்தில் கிடைத்தது! ஹோஸ்ட்நேம் அடித்தேன், இரண்டு தடவை அடித்தேன். மெனு உடனே திறக்கிறது. நடுவில் எங்கள் ஊர் வழக்கப்படி கரண்ட் போய் முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. இணைத்தால் ரெசிடுவல் கோடு அங்கே தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் காட்சியை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புகைபோக்கி ஐயா கேட்டது. பழைய பதிவுக் கோப்பை மேலிருந்து படித்தேன். ரிவர்ஸ்டு ஃப்ளோ, புகைபோக்கி வாயில் 812 முகங்கள் (செல் பக்கங்கள்) என்று ஒன்பதாவது சுற்றிலேயே தொடங்கி, 340 வரை வரிக்கு வரி இருக்கிறது. நான் அதை ஏதோ பழக்கமான இரைச்சல் என்று தாண்டிப் போயிருக்கிறேன். பழைய அமைப்பையே விஎன்சியில் 100 சுற்று ஓட்டி, நடுவில் ஒரு வெட்டுத் தளம் போட்டு, காற்றின் திசையைக் காட்டும் வெக்டர் அம்புகளைப் பார்த்தேன். காற்று புகைபோக்கி வழியாகக் கீழே இறங்கி, தட்டுகளைத் தடவிக்கொண்டு, வாசல் வழியாக வெளியே போகிறது. மொத்த உலர்த்தியும் தலைகீழாக மூச்சு விடுகிறது. ஆபரேட்டிங் டென்சிட்டி கட்டத்தில் நான் கை வைத்ததே இல்லை. 1.16 போட்டேன், பாடி ஃபோர்ஸ் வெயிட்டட் மாற்றினேன், மறுபடி தொடங்கினேன். 60 சுற்றுக்குள் காற்று திரும்பியது. 812 குறைந்து குறைந்து 14-க்கு வந்து, பிறகு அந்த வரியே வரவில்லை.

37 செல்லும் நீங்கள் சொன்னபடி ஒரே மூலையில். கடைசித் தட்டின் கம்பி பாலிதீன் சுவரைத் தொடும் இடம். செல் எவ்வளவு கோணல் என்று சொல்லும் ஸ்கியூனெஸ் 0.96. தட்டைச் சுவரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி மெஷ் போட்டேன். நிஜக் களத்திலும் அங்கே இடைவெளி இருக்கிறது, நான்தான் வரையும்போது ஒட்டிவிட்டேன்.

இப்போது அதையே எஸ்பேட்சில் போட்டு ஜன்னல் இல்லாமல் ஓடுகிறது, நூறு சுற்றுக்கு ஒரு தடவை சேமிப்பு. செக்-ஃப்ளூயன்ட் கோப்பை லாகின் நோடின் டிஎம்பியில் வைத்து ஏமாந்தவர்கள் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். காற்று தப்பான பக்கம் போனதைக் கண்டுபிடிக்க ஒன்றரை மாதம் ஆனது என்றதும், "வாசல்ல ஒரு ஊதுபத்தியைப் பிடிச்சிருந்தா புகை எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சிருக்குமே கண்ணு" என்றார். கூண்டு இன்னும் கட்டவே இல்லையப்பா, கணினிக்குள்தான் இருக்கிறது என்று சொன்னேன். அப்படியானால் கட்டு என்றார்.


இரவுக்காவல்:

ஊதுபத்திக்கு எல்எம்ஸ்டாட் பார்க்க வேண்டியதில்லை, அப்பா கட்சியில் நான்.

சரி, ஒன்று கேட்கிறேன். எஸ்பேட்சில் ஓடுகிறது என்றீர்கள், நல்லது. அந்த விஎன்சி ஜன்னலை மூடினீர்களா?


கொப்பரைக்களம்:

காலையில் மறுபடி ஒன்று வாங்கினேன்… ஒரு நிமிடம் அண்ணா. ஓடும் ஜாப்களைக் காட்டும் எஸ்க்யூவில் இருக்கிறது. இரண்டு மணி பத்து நிமிடமாக. எஸ்கேன்சல் கொடுத்துவிட்டேன்.